ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்: பன்றியின் உடலில் நடப்பதும் நாம் அறிய வேண்டியதும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி ஊர்களிலிருந்து மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கால்நடையே சேமிப்பு. மழை பொய்த்த ஆண்டில் வீட்டில் ஒருவர் நோயுற்றால், ஆட்டையோ மாட்டையோ பன்றியையோ விற்றுத்தான் செலவைச் சமாளிக்கின்றனர். ஆகவே பன்றிகளைக் கொல்லும் ஒரு நோயைப் பற்றி மனிதருக்கான மருத்துவமனை இதழில் எழுதுவது பொருத்தமற்றதன்று. அந்நோய் மனிதரைத் தொடுமா, இறைச்சி உண்டவருக்குக் கேடு வருமா, நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பன்றி வளர்க்கலாமா என்னும் ஐயங்களுக்கு நோயின் இயல்பை அறிந்தால் விடை கிடைக்கும்.

பெயரால் வரும் குழப்பம்

தமிழில் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று நாம் வழங்கும் பெயர் வெவ்வேறு நோய்களைச் சுட்டுகிறது. 2009ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்ஃபுளுவென்சா அவற்றுள் ஒன்று. அது இருமல், தும்மல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய். நாம் இங்குக் கூறும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முற்றிலும் வேறான ஒரு வைரசால் வருவது. வீட்டுப் பன்றியும் காட்டுப்பன்றியும் அடங்கிய பன்றி இனத்தை மட்டுமே அது தாக்கும். 1921ஆம் ஆண்டில் மாண்ட்கோமரி என்னும் கால்நடை மருத்துவர் கென்யாவில் கண்டதை எழுதிய நாள் தொட்டு நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும், இவ்வைரசால் மனிதர் நோயுற்றதாகச் சான்று இல்லை.

பன்றிகளுக்கு வரும் மற்றொரு காய்ச்சலும் உண்டு. அதனைச் ‘செவ்வியல் பன்றிக் காய்ச்சல்’ என்பர். வெளித் தோற்றத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆய்வகச் சோதனையே முடிவு சொல்லும். செவ்வியல் காய்ச்சலுக்கு நம் நாட்டில் தடுப்பூசி உண்டு. ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு வியட்நாம் 2022இல் ஒரு தடுப்பூசிக்கு அனுமதி வழங்கிய போதிலும், உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட தடுப்பூசி இன்னும் வரவில்லை. குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

உடலினுள் நடப்பது என்ன?

வைரஸ் பெரும்பாலும் வாய் அல்லது மூக்கு வழியே நுழைகிறது. முதலில் தொண்டையின் டான்சில்களிலும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் தங்கிப் பெருகுகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து மண்ணீரல், கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றை அடைகிறது.

அது தன் இருப்பிடமாகத் தேர்ந்துகொள்வது விழுங்கு செல்களை. உடலுக்குள் வரும் கிருமிகளை விழுங்கி அழிப்பதே அச்செல்களின் பணி. காவலர் வீட்டுக்குள்ளேயே கள்வன் குடியேறுவது போன்றது இது. தொற்றுண்ட விழுங்கு செல்கள் சைட்டோகைன் என்னும் செய்திப் பொருள்களை அளவின்றிக் கொட்டுகின்றன. அதனால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. முதலாவது, வைரஸ் தொடாத நிணநீர்ச் செல்களும் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் சரிகிறது. இரண்டாவது, நுண் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதுபட்டுக் கசியத் தொடங்குகிறது. குழாய்களுக்குள் ஆங்காங்கே சிறு உறைகட்டிகள் தோன்ற, உறைதலுக்கான பொருள்கள் தீர்ந்து, பிற இடங்களில் இரத்தம் ஒழுகுகிறது.

வெளியே நாம் காண்பது இதன் விளைவே. 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சல், உணவு மறுத்தல், சுருண்டு கிடத்தல், காதும் வயிற்றுப் புறமும் செந்நீலம் பூத்தல், சில வேளைகளில் மூக்கிலும் மலத்திலும் இரத்தம். கடுமையான வகையில் சில நாள்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் இறப்பு நேரும். ஒரு பட்டியில் ஏறத்தாழ எல்லாப் பன்றிகளுமே இறந்துபோவதுண்டு.

இறந்த உடலை ஆய்வகத்தில் அறுத்துப் பார்ப்போர் முதலில் நோக்குவது மண்ணீரலை. அது பன்மடங்கு பருத்து, கருஞ்சிவப்பாகி, தொட்டால் நொறுங்கும் தன்மையில் இருக்கும். நிணநீர்க் கணுக்கள் உறைந்த இரத்தக் கட்டிகளைப் போலத் தோன்றும். சிறுநீரகத்தின் மேற்பரப்பில் ஊசி முனையளவு இரத்தப் புள்ளிகள் தெரியும். நுரையீரலிலும் இதய உறையிலும் நீர் கோத்திருக்கும்.

இதனால் நாம் அறிவது

டெங்கு நோயாளியை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இந்த விவரம் அறிமுகமானதாகத் தோன்றலாம். வைரஸ் வேறு, பரவும் வழி வேறு, பாதிப்பின் அளவும் வேறு. ஆயினும் கடுமையான டெங்குவிலும் உடலின் எதிர்வினையே நுண்குழாய்களைக் கசியச் செய்கிறது, தட்டணுக்கள் குறைகின்றன. காய்ச்சல் தணியும் நாள்களில்தான் அக்கசிவு பெரும்பாலும் தொடங்கும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்’ என்று உறவினர் கேட்கும் வேளையில் மருத்துவர் நிறுத்திவைப்பதற்குக் காரணம் இதுவே. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே தெரிவியுங்கள்.

பன்றி வளர்க்கும் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அதைப் பன்றிகளின் இறப்போடு முடிச்சிட்டு அஞ்ச வேண்டா. வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டா. பன்றியோடு தொடர்புடைய வேறு நோய்கள் மனிதருக்கு வரக்கூடும். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றியின் உடலில் பெருகிக் கொசு வழியே மனிதரை அடையும். இந்தியாவில் அது முதன்முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில். ‘வீட்டில் பன்றி உண்டு’ என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல் மருத்துவருக்குச் சரியான சோதனையைத் தேர்ந்தெடுக்க உதவும்.

முதுமலையிலிருந்து மானாவாரி நிலத்துக்கு

2020ஆம் ஆண்டில் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் இந்நோய் இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டுப் பண்ணைகளில் காணப்பட்டது. 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் நீலகிரியின் முதுமலைப் புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் இறந்து கிடந்தன. சோதனையில் இதே நோய் என்பது உறுதியாயிற்று.

முதுமலைக் காட்டுப்பன்றி திருச்சுழிக்கு நடந்து வரப்போவதில்லை. ஆனால் வைரஸ் வரக்கூடும். உறைந்த இறைச்சியில் அது ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டி வரும். மிஞ்சிய பன்றிக்கறியோடு சேர்ந்து பட்டிக்குள் நுழையும். நம் வட்டாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் வயல்களைக் காட்டுப்பன்றிகள் கிளறுகின்றன. சீமைக்கருவேலப் புதர்கள் அவற்றுக்கு மறைவிடம். ஊர்ப் பன்றிகளும் அப்புதர்களிலேயே மேய்கின்றன. ஒரு பட்டியில் புகுந்த நோய் காட்டுக்கூட்டத்தைத் தொட்டால் அதன்பின் அதை ஒழிப்பது மிகக் கடினம்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

1. நன்கு வெந்த பன்றியிறைச்சியை உண்பதால் இந்நோய் வாராது. எனினும் நாடாப்புழு முதலிய பிற கேடுகளைத் தவிர்க்க அரைவேக்காட்டில் எதையும் உண்ண வேண்டா.

2. நோயாளிக்குக் கொண்டுவரும் உணவில் மிஞ்சுவதை, அதிலும் இறைச்சி கலந்ததை, பன்றிகளுக்கென எடுத்துச் செல்லவோ கொடுக்கவோ வேண்டா. கழிவுணவைத் தவிர்க்கவே இயலாதவர் அதனை 90 டிகிரி வெப்பத்தில் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே ஊட்ட வேண்டும்.

3. பன்றிகள் அடுத்தடுத்து நோயுற்றாலோ இறந்தாலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தெரிவியுங்கள். 1962 என்னும் கால்நடை அவசர ஊர்தி எண்ணையும் அழைக்கலாம். 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இது வளர்ப்போரின் கடமையுமாகும்.

4. இறந்த உடலை ஓடையிலோ கண்மாயிலோ எறியாதீர்கள். கால்நடை மருத்துவர் காட்டும் இடத்தில் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.

5. நோய் தோன்றிய பட்டியிலிருந்து ஒரு பன்றியையும் விற்காதீர்கள்.

கடைசிச் சொல் எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம். ஒருவர் படுக்கையில் இருக்க, மருந்துச் சீட்டு கையில் இருக்க, எஞ்சிய நான்கு பன்றிகளையாவது இறப்பதற்குள் விற்றுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அவ்வாறு அவசரமாக விற்கப்படும் பன்றியே நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே இன்னொரு குடும்பத்தின் சேமிப்பு அழிகிறது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலுள்ள பன்றிகளை அரசு அப்புறப்படுத்தும். அவ்வாறு கொல்லப்படும் பன்றிகளுக்கு இழப்பீடு தர ஏற்பாடு உண்டு. அறிவிக்கும் முன்னரே இறந்தவற்றுக்கு அது பொருந்தாது. ஆதலால் முதல் பன்றி விழுந்த நாளிலேயே சொல்வது ஊருக்கும் நன்மை, உங்களுக்கும் நன்மை.

மருத்துவச் செலவே உங்களை விற்பனைக்குத் தள்ளுகிறது என்றால், பட்டிக்குச் செல்லும் முன் எங்களிடம் வாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உங்கள் குடும்பம் வருமா என்பதைப் பார்த்துச் சொல்கிறோம். குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் உடன் கொண்டு வாருங்கள்.