செயலி ஆகஸ்ட் வரை செல்லும் என்கிறது, கப்பல் கம்பனி ஏற்றாதாம்: எது சட்டம்?

கேள்வி: நானும் கணவரும் 2022 மே 21ஆம் திகதி கீல் துறைமுகத்திலிருந்து நோர்வே போகும் ஒரு வாரக் கப்பல் சுற்றுலாவுக்கு ஜனவரி தொடக்கத்தில் பதிவு செய்தோம். இருவரும் இரண்டு கொரோனாத் தடுப்பூசி போட்டவர்கள். நான் மூன்றாவதும் போட்டுவிட்டேன். கணவருக்கு பெப்ரவரி 14ஆம் திகதி பிசிஆர் சோதனையில் கொரோனா உறுதியாகி, இப்போது சுகம். அவருடைய ஐரோப்பியக் கொரோனாச் சான்றிதழ் ஆகஸ்ட் 13 வரை செல்லும் என்று கைபேசிச் செயலி காட்டுகிறது. ஆனால் போன கிழமை கம்பனியிடமிருந்து வந்த மின்னஞ்சலில், மூன்றாவது ஊசி போடாதவர்கள் 90 நாளுக்கு உட்பட்ட குணமடைந்த சான்றிதழ் காட்ட வேண்டும், ஏறுமுன் எல்லாரும் சோதனை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. பதிவு செய்தபோது இப்படி ஒன்றும் சொல்லவில்லை. இவரை ஏற்ற மறுக்கலாமா? துறைமுகத்தில் பொசிட்டிவ் வந்தால் காசு திரும்புமா?
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில் (2022 விதிகளின்படி): செயலி காட்டுவதும் சரி, கம்பனி 90 நாள் கேட்பதும் நடக்கக்கூடியதுதான். இரண்டும் வெவ்வேறு விதிகள்.

உங்கள் செயலி 2021/953 இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதியைப் பின்பற்றுகிறது. அதன்படி குணமடைந்த சான்றிதழ், முதல் பொசிட்டிவ் சோதனைக்குப் பின் 11ஆம் நாளிலிருந்து 180 நாள் வரை செல்லும். ஆனால் அந்த விதி நாடுகளுக்கிடையே மக்கள் தடையின்றிப் போய்வருவதற்காக வந்தது. ஒரு தனியார் கம்பனி அதே கால அளவை ஏற்கவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை.

ஜேர்மனிக்குள் கணக்கு வேறு. ஜேர்மன் அரசின் தொற்றுநோய் ஆய்வு அமைப்பான ரொபர்ட் கொக் நிறுவனம் 2022 ஜனவரி 15 அன்று, தன் இணையத்தள அறிவிப்பு மூலமே, குணமடைந்த சான்றிதழின் ஆறு மாதக் காலத்தை 90 நாளாகக் குறைத்தது. இவ்வளவு பெரிய முடிவை இப்படி எடுக்கலாமா என்று பலர் நீதிமன்றம் போனார்கள். ஒஸ்னாப்ரூக் நிர்வாக நீதிமன்றம் பெப்ரவரியில், அது அரசியலமைப்புக்கு முரண் என்று இடைக்காலக் கட்டளை தந்தது. பின்னர் மார்ச்சில் பாராளுமன்றமே தொற்றுத் தடுப்புச் சட்டத்தில் 28 முதல் 90 நாள் வரை என்று எழுதிவிட்டது. கம்பனி கேட்பதும் அதே 90 நாள்தான். உங்கள் கணவருக்கு அது மே 15இல் முடிகிறது. ஏறும் நாள் 96ஆவது நாள். ஆறே நாள் வித்தியாசம் என்றாலும் வாசலில் இரக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் பிடிக்கவேண்டிய இடம் ஒப்பந்தம். பதிவு செய்தபோது தந்த நிபந்தனைகளை முதலில் எடுத்துப் பாருங்கள். “பயண நேரத்தில் உள்ள சுகாதார விதிகள் பொருந்தும்” என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் கம்பனியின் கை ஓங்கும். இல்லையென்றால் ஜேர்மன் குடியியல் சட்டத்தின் 651ஆம் பிரிவுத் தொடர் உங்களுக்குத் துணை நிற்கும். சிறிய மாற்றத்தைக்கூட ஒப்பந்தத்தில் அதற்கு இடம் விட்டிருந்தால்தான் கம்பனி தானாகச் செய்யலாம். முக்கியமான மாற்றமாயின், அதை ஏற்பதா, கட்டணமின்றி விலகுவதா என்ற தெரிவை உங்களுக்குத் தரவேண்டும். ஒரு பயணியையே வெளியே நிறுத்தும் நிபந்தனை முக்கியமானது என்று வலுவாக வாதிடலாம். கம்பனி மறுத்தால் முடிவு நீதிபதியின் கையில்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. அந்த மின்னஞ்சலில் பதில் தரக் கடைசித் திகதி குறித்திருந்தால், அதற்குள் நீங்கள் பேசாமல் இருப்பது சம்மதமாகிவிடும். இன்றே திறந்து பாருங்கள்.

துறைமுகத்தில் பொசிட்டிவ் வந்தால் நிலைமை கடினம். பயணி தன் உடல்நிலையால் போகமுடியாமல் போவது சட்டப்படி பயணியின் பொறுப்பு. கம்பனி இரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்குத்தான் பயண இரத்துக் காப்புறுதி. உங்கள் காப்புறுதியில் பெருந்தொற்றை விலக்கும் வாசகம் இருக்கிறதா என்று வாசியுங்கள். குணமடைந்தவருக்குப் பிசிஆர் சோதனை பல கிழமைகள் பொசிட்டிவ் காட்டக்கூடும். எனவே துறைமுகத்தில் செய்வது பிசிஆரா, அன்டிஜன் சோதனையா, சந்தேகம் வந்தால் மறுபரிசோதனை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். நிபந்தனை எல்லாம் நிறைவேறியும் ஏற்ற மறுத்தால் மட்டும் நீங்கள் நட்டஈடு கேட்கலாம். வீணாய்ப் போன விடுமுறைக்கும் அதில் இடம் உண்டு.

இப்போது செய்யவேண்டியவை:

1. சோதனைத் திகதி, ஏறும் திகதி, தடுப்பூசி விபரங்களைக் குறிப்பிட்டு, “இவரை ஏற்றுவீர்களா, ஆம் அல்லது இல்லை” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம்.

2. மூன்றாவது ஊசி பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். தொற்றிலிருந்து மூன்று மாதம் விடுவதே பொதுவான பரிந்துரை. அது மே 14இல் நிறைவாகிறது. அப்படிப் போட்டால் உடனே ஏற்பார்களா என்பதையும் கம்பனியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

3. இரண்டும் சரிவராவிட்டால் கணவரின் இடத்தை, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் இன்னொருவருக்கு மாற்றலாம். ஏழு நாளுக்கு முன், அதாவது மே 14க்குப் பிந்தாமல் அறிவித்தால் அது உரிய நேரமே. மாற்றுவதால் வரும் நியாயமான செலவை நீங்கள்தான் தரவேண்டும்.

4. கட்டணமின்றி விலக முடிவெடுத்தால் காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். கம்பனி 14 நாளுக்குள் பணத்தைத் திருப்பவேண்டும்.

மே 21 காலையில், வரிசையில் நிற்கும்போது, இந்த உரிமைகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்த நேரம் இருக்காது. கம்பனி கைவிரித்தாலோ பதிலே தராவிட்டாலோ, மின்னஞ்சல்களையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆலோசனை நிலையத்தையோ ஒரு சட்டத்தரணியையோ மே தொடக்கத்திலேயே சந்தியுங்கள்.