கடைசிப் படகுக்குப் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நெடுந்தீவுச் சிற்றரங்கின் பொறுப்பை ஏற்ற கையோடு, தை முதல் மார்கழி வரை மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நாடகங்களைக் கட்டங்கட்டி எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டு நீர் அனுப்பிய அட்டவணை நேற்றுக் கிடைத்தது. கிழவனை மறவாமல் கேட்டீரே என்ற சந்தோஷத்தில் இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாந்தரம் வாசிக்கையில்தான், நாடகத்தின் பெயர், குழுவின் பெயர், விளக்கு வாடகை, சாப்பாட்டுச் செலவு என்று சகலமும் எழுதியிருந்த அந்தத் தாளில், குறிகட்டுவானுக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது மாத்திரம் எங்கும் இல்லாததைக் கண்டேன்.

பட்டணத்து நாடகம் மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிறதென்றால் அதற்குக் கலைச் சாஸ்திரம் காரணமன்று. அதற்குப் பின்னும் வீடு போக ஒரு பஸ் உண்டு என்பதே காரணம். உமது தீவிலோ படகுப் போக்குவரத்து பிற்பகலோடு ஓய்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற குழு ஆறரைக்கு வேஷங் கட்டினால், அத்தனை பேருக்கும் பாயும் தலையணையும் காலைத் தேத்தண்ணியும் தேடி வீடு வீடாக அலையப்போகிறவர் நீர்; பார்க்க வந்த கிழவிகளோ இருட்டில், கல்வேலி ஓரமாக, ஒற்றை டோர்ச் வெளிச்சத்தில் மேற்குக்கும் கிழக்குக்கும் நடந்து போக வேண்டியவர்கள்.

நம் முன்னோர் கூத்தை விடிய விடிய ஆடியதைக் குறித்து, நேரத்தின் அருமை அறியாதவர்கள் என்று ஏளனம் பேசுவோர் உண்டு. ஒரு காலத்தில் நானும் பேசியிருக்கிறேன். வயது ஏற ஏற எனக்கு அது வேறு விதமாகத் தோன்றுகிறது. இராத்திரி நடுவில் திரும்பிப் போக வழியில்லாத சனத்தை முதல் வெளிச்சம் வரை கலையாமல் உட்கார வைப்பதற்கு, காத்தவராயன் கழுவேறுகிற கட்டத்தை விடியற்புறம் வரை தள்ளிவைத்ததைக் காட்டிலும் உத்தமமான உபாயம் வேறென்ன இருக்கிறது? பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்று இராமுழுதுங் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மேடைக்குக் கொண்டுவந்தது மகத்தான காரியம். அதில் எனக்கு லவலேசமும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தச் சுருக்கம் வேறொரு சபைக்கு, வேறொரு வசதிக்குச் செய்யப்பட்டது. அதே சுருக்கத்தை நெடுந்தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து ஆறரைக்கு வைப்பது, நீளக் கால்சட்டையை அளவாக வெட்டித் தைத்த பிறகு அதை முந்தி உடுத்தவனுக்கே கொடுப்பது போலாகும்.

ஆதலால், வெளியிலிருந்து வருகிற நாடகம் காலைப் படகில் வந்து, பத்தரைக்குத் தொடங்கி, சோறு தின்று, பிற்பகல் படகில் போகட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வயோதிகருக்கும் அதுவே தோதான நேரம். அப்படி இயலாதெனின் விடியும் வரை ஆடட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆறரை மணியைத் தீவார் தாமே நடிக்கிற நாடகங்களுக்கு ஒதுக்கிவையும்.

இதை நான் ஏட்டிலிருந்து படித்துச் சொல்லவில்லை. இளமையில் ஒரு சோளகக் காலத்தில், சீன்கள் ஆறும் ஆர்மோனியமும் மத்தளமும் கட்டிக்கொண்டு அந்த ஒரு மணி நேரக் கடலைத் தாண்டப் புறப்பட்டோம். அரிச்சந்திரனாக நடிக்கவிருந்தவர் அரைவழியிலேயே வாந்தியெடுத்துப் பலகையில் சாய்ந்துவிட்டார்; மாவிலித்துறையில் இறங்கும்போது காற்று அடித்து அரண்மனைச் சீன் கிழிந்து, பாதி கடலில் மிதந்தது. அன்றிரவு நடந்ததைப் பற்றி எழுதாமல் விடுவது நாடகத்துக்கு மரியாதை. மறுநாள் படகு ஓடவில்லை. அதற்கு மறுநாளும் ஓடவில்லை. வேறு வேலையில்லாமல் இரண்டாம் இரவு ஒரு பனையோலைக் கொட்டிலின் கீழ், சீனும் இல்லாமல் சரிகையும் இல்லாமல், மயான காண்டத்தை மாத்திரம் ஆடினோம். உப்புக் காற்றில் மத்தளத் தோல் நனைந்த துணி போலத் தொய்ந்து கிடந்தது. அதைக் கண்ட ஒரு ஆச்சி, யாரும் கேளாமலே, சிரட்டைத் தணலை ஒரு உடைந்த சட்டியில் கொண்டுவந்து வைத்து, தோலை அதன் மேலே, தொடாமல், ஒரு சாண் உயரத்தில் பிடிக்கச் சொன்னார்; தோல் இறுகி, முதல் தட்டில் நாதம் எழுந்தபோது, “இனி ஆடுங்கோ” என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். அப்படி ஒரு சபை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

மாதங்களைப் பற்றி: சோளகம் வீசுகிற வைகாசி முதல் ஆவணி வரை வெளிக்குழு எதையும் நம்பி நோட்டீஸ் அடியாதேயும். ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழா, படகெல்லாம் அங்கே. ஐப்பசி, கார்த்திகை மழை. மாசி, பங்குனி, சித்திரையே கடல் படுத்துக் கிடக்கும் காலம். அதிலும் கச்சதீவு அந்தோனியார் திருநாள் வருகிற இரண்டு நாளும், தவக்காலமும் கழியும். மே 15ஆந் தேதியை மட்டும் வெறுமையாக விடும். 1985இல் அந்நாளில் குமுதினிப் படகில் வெட்டுண்டவர்களுடைய வீட்டார் இன்னும் அத்தீவில் இருக்கிறார்கள். நிலவு காலத்தில் வலைத்தொழில் மந்தம் என்பார்கள்; ஆண்கள் எந்த இரவுகளில் கரையில் இருப்பார்கள் என்பதைக் கலண்டரிடம் கேளாமல் தொழிலாளரிடமே கேளும்.

இனி, யாருக்கு நாடகம்? 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்து, பலர் வன்னிக்கும் அங்கிருந்து பிரான்சுக்கும் கனடாவுக்கும் போய், சில வீடுகளில் தாயும் தகப்பனும் மாத்திரம் எஞ்சிய கதை உமக்குத் தெரியும். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ பிள்ளைகள் வெளிநாடு போக ஊரில் தனித்துவிட்ட முதியவர்களைப் பற்றியதே. அதை உமது பட்டியலில் காணோமே என்று வியந்தேன். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருவோர் பெரிய மேடையும் வாடகை விளக்கும் தங்கள் பெயர் பொறித்த கல்லும் வேண்டுமென்பார்கள். பணத்தை வாங்கும், கல்லையும் பதியும், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு அண்ணாவியாரை மூன்று மாதம் தீவிலேயே தங்கவைத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்குவியும். ஒரே இரவில் வந்து போகிற பத்துக் குழுவுக்கு ஆகிற செலவு அதற்கு ஆகாது. இதைச் சொன்னால் சில பேர் உம்மோடு கதைக்காமல் விடுவார்கள், விடட்டும்.

சாமான் விஷயம் ஒன்றே ஒன்று: ஒருவர் தனியாகத் தூக்க முடியாத பெட்டி எதையும் வாங்கவேண்டாம். ஆடுகிற படகிலிருந்து துறைக்கு அதைக் கைமாற்றிப் பார்த்தால் உமக்கே விளங்கும்.

அட்டவணையைத் திருத்தி அனுப்பும். மாசியில் முதற்படகில் நானும் வருகிறேன். என் பழைய மத்தளத்தைப் பிள்ளைகளுக்குத் தருவதாக உத்தேசம். துறைக்கு ஒரு பையனை அனுப்பும். படகு ஆடும்போது அதைத் தூக்கிக்கொண்டு இறங்க இப்போது எனக்குக் கால் நிதானமில்லை.

இங்ஙனம்,
உமது அண்ணன்