ஒராங்குட்டான் குட்டியும் என் அணில் குட்டியும்



பரிணாமம் என்றதும் நமக்கு டார்வின் பெயர்தான் ஞாபகம் வரும். அதே கருத்தைத் தனியாக யோசித்துக் கண்டுபிடித்த இன்னொருவர் ஆல்பிரட் ரசல் வாலஸ். 1858-ல் இருவருடைய கட்டுரைகளும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. அறிவியல் சார் சொல்லி நான் அவரைப் பற்றிப் படித்ததை எழுதுகிறேன்.

1854-ல் வாலஸ் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வந்தார். அது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே குளிர்காலமே கிடையாது. வருஷம் பூராவும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம்.

புக்கிட் தீமா என்ற குன்றில் தங்கினார். காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்து, காபி குடித்து, முந்தின நாள் பிடித்த பூச்சிகளை அடுக்குவார். எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பது மணிக்குக் காட்டுக்குப் போனால் இரண்டு, மூன்று மணிக்குத்தான் திரும்புவார். இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகள் சேர்த்துவிட்டார்! எப்படித் தெரியுமா? அங்கே சீனத் தொழிலாளர்கள் மரம் வெட்டி அறுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த இலை, பட்டை, மரத்தூள் எல்லாம் வண்டுப் புழுக்களுக்குச் சாப்பாடு.

புலிகளும் இருந்தன. புலி விழுவதற்காக 15, 20 அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, இலை தழை போட்டு மூடியிருப்பார்கள். பூச்சியையே பார்த்துக்கொண்டு நடந்தால் அவ்வளவுதான்!

1854-ல் போர்னியோ தீவின் சரவாக் பகுதிக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிக்காக ஒரு பெண் ஒராங்குட்டானைச் சுட்டார். பக்கத்தில் சேற்றில் முகம் புதைந்து அதன் குட்டி கிடந்தது. ஓரடி நீளம்தான். தூக்கி வரும்போது அவர் தாடியை விடாமல் பிடித்துக்கொண்டதாம். பால் கிடைக்காததால் பாட்டிலில் கஞ்சித் தண்ணி கொடுத்தார். துணைக்கு ஒரு குரங்குக் குட்டி வாங்கிவிட்டார். எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொம்மைத் தாய்கூட செய்தார். குட்டி அதில் பால் தேடி, முடியை வாயில் இழுத்துத் திணறியது. உடனே பிரித்துவிட்டார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் அது இறந்துபோனது.

இதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம் எங்க வீட்டுக் கூரை பிரிச்சப்போ ஒரு அணில் குட்டி விழுந்தது. நான் டப்பாவில் பஞ்சு வைத்து, திரியில் பசும்பால் நனைத்துக் கொடுத்தேன். தாய் அணில் இரண்டு நாள் வேலியில் கத்திக்கொண்டே இருந்தது. அப்பாயி, "அதுகிட்டயே விட்டுரு பாப்பா"ன்னு சொன்னாங்க. நான் கேக்கலை. நாலாம் நாள் செத்துப்போச்சு. நான் தாயைச் சுடவில்லை. ஆனால் தாயிடமிருந்து பிரித்தது நான்தானே?

போர்னியோ ஒராங்குட்டான் இன்று அழியும் ஆபத்தின் விளிம்பில் இருக்கிறது. வேட்டை ஒரு காரணம். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காகக் காட்டை அழிப்பது இன்னொரு காரணம். அது தூரத்து ஊர். நம்ம ஊரில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அணில் குட்டி விழுந்து, காயம் இல்லாமல் இருந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். மரத்தடியில் வைத்து, காக்கா, பூனை வராமல் தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலும் தாயே வந்து வாயில் கவ்விக்கொண்டு போய்விடும்.

எனக்கு அன்றைக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி