வாசலைத் தாண்டும் முன்னர்

ரொறன்ரோ வீடொன்றின் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்துச் செல்லப்படும் பொதி, ஏறக்குறைய 200 கிலோமீற்றர் பயணம் செய்து, ஒன்ராறியோவின் லண்டன் நகருக்குத் தென்மேற்கே உள்ள கிறீன் லேன் கழிவு நிரப்பு நிலத்தில் புதைக்கப்படுகிறது. வோன் நகரிலிருந்த கீல் வலி நிரப்பு நிலம் 2002 டிசெம்பர் 31 அன்று மூடப்பட்டபின், மாநகரின் கழிவு பல ஆண்டுகள் பாரவூர்திகளில் எல்லை கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றது. 2007இல் மாநகரசபை கிறீன் லேனை விலைக்கு வாங்கியது. மிச்சிகன் பயணம் 2010 முடிவில் நின்றது. அந்நிலத்தின் அயலில் ஒனைடா முதற்குடி மக்கள் வாழ்கின்றனர் என்பதை இங்கே பலர் அறியார். அதுவும் 2035 அளவில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டின் மாகாணச் சட்டப்படி, புதிய நிரப்பு நிலம் அமைவதற்கு அவ்விடத்து நகரசபையின் ஆதரவு வேண்டும். வேற்றூரின் குப்பையை மனமுவந்து ஏற்கும் ஊர் எளிதில் கிடைக்காது.

கழிவைத் தரம்பிரித்து நீலத் தொட்டியிலும் பச்சைத் தொட்டியிலும் இடுவதைப் பல குடும்பங்கள் வழுவாது கடைப்பிடிக்கின்றன. அது நன்றே. ஆயினும் அத்தொட்டிகள், வீட்டுக்குள் வந்துவிட்ட பொருளுக்கான ஏற்பாடுகள். பொருளைக் கையேற்கும் கணத்திலேயே அதனை அகற்றும் பொறுப்பும் கைமாறிவிடுகிறது.

அந்தக் கணத்தைக் கருதியே, ஒற்றைப் பயன்பாட்டுப் பொருட்கள் பற்றிய மாநகரசபையின் துணைச்சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கரண்டி, முள்ளுக்கரண்டி, கைதுடைக்கும் தாள், சிறு பொட்டலச் சுவைச்சாறுகள், கடதாசிப் பை போன்றவற்றை வாடிக்கையாளரின் விருப்பமறியாமல் வணிகர் கொடுத்தல் ஆகாது. பானம் வாங்குபவர் தமது சொந்தக் குவளையை நீட்டினால் அதனை ஏற்றல் வேண்டும். உணவுப் பாத்திரத்துக்கு இந்தக் கட்டாயம் நீளவில்லை. அங்கே கடைக்காரரின் இசைவு தேவை. சட்டம் கட்டுப்படுத்துவது வணிகரை மட்டுமே. "வேண்டுமா?" என்ற கேள்விக்குப் பழக்கத்தால் "ஓம்" என்று தலையசைப்பவரிடம் அச்சட்டம் செயலற்றுப் போகிறது.

ஸ்காபரோவின் உணவகமொன்றில் இரவுணவுக்கு இடியப்பம் வாங்கும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இடியப்பம் ஒரு பெட்டியில், சொதி ஒரு கிண்ணத்தில், சம்பல் இன்னொன்றில், கறி வேறொன்றில், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி, யாவற்றையும் சேர்த்து ஒரு பை, பைக்குள் கரண்டிகளும் தாள்களும். உண்பதோ சொந்த வீட்டு மேசையில். இடியப்பத்தைக் கரண்டியால் உண்பவரும் அரிது! கரண்டியும் தாளும் வேண்டாம் என்பதற்கு ஒரு சொல் போதும். வழமையாகச் செல்லும் கடையெனில், தொலைபேசியில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, கழுவி உலர்த்திய மூடியுள்ள பாத்திரத்தைக் கொண்டுசெல்லவும் இயலும்.

இது புதிய பழக்கமன்று. யாழ்ப்பாணத்துச் சந்தைக்குக் கடகமோ உமலோ இன்றிச் சென்றவர் ஒருகாலத்தில் அரிது. எண்ணெய் வாங்கப் போத்தல் வீட்டிலிருந்தே போயிற்று. அதனை வறுமையின் அடையாளமெனக் கருதும் எண்ணம் புலம்பெயர்ந்தபின் சிலரிடம் தோன்றியது. அது தேவையற்ற வெட்கம். மறுபுறம், மொத்தமாக வாங்குவதெல்லாம் சிக்கனமும் அன்று. அரிசி மூடை காத்திருக்கும், கீரை காத்திராது. மலிவுவிலைக்காக வாங்கிய மூன்று கட்டில் இரண்டு பச்சைத் தொட்டிக்குச் செல்லுமாயின், மலிவு கடைக்காரருக்கே.

கேளாமலே வருவன விளம்பரத் தாள்கள். அவை வேண்டாம் என்று அஞ்சற்பெட்டியில் குறிப்பொன்றை ஒட்டினால், முகவரியிடப்படாத விளம்பரங்களைக் கனடா அஞ்சல் அதில் இடாது. அடுக்குமாடிகளில் குறிப்பைப் பெட்டியின் உட்புற விளிம்பில் ஒட்டலாம். பெயரிட்ட கடிதங்களும் தேர்தல் அறிவித்தல்களும் வழமைபோல் வந்து சேரும். தனியார் விநியோகத்தர்களுக்குத் தனியே அறிவித்தல் வேண்டும்.

தனிவீடுகளின் கழிவுக் கட்டணம் 2008 நவம்பர் முதல் தொட்டியின் அளவைப் பொறுத்தே அறவிடப்படுகிறது. தொட்டிகள் நான்கு அளவுகளில் உள்ளன; சிறியதற்குக் கட்டணம் குறைவு. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் கழிவின் அளவே கணக்கு. அது கட்டட நிர்வாகத்தின் செலவில் சேர்கிறது. தொட்டி பாதியளவே நிரம்பும் நிலை சில மாதங்கள் தொடருமாயின், 311ஐ அழைத்துச் சிறிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த இலக்கத்தில் தமிழில் உரையாட உரைபெயர்ப்பாளரின் உதவியும் உண்டு.