மலைக்கும் ஏரிக்கும் கிளம்புவோர் கேள்விகள்

கேள்வி: மலையேற்ற ஷூவை இரண்டு மூன்று முறைதான் போட்டது. ஐந்து வருடம் பெட்டியிலேயே இருந்தது. மறுபடி போட்டு நடந்தபோது பாதி வழியில் சோல் தனியாகக் கழன்றுவிட்டது. போடாத ஷூ எப்படிக் கெடும்?

பதில்: கனமான மலையேற்ற ஷூக்கள் பலவற்றில், தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல்பகுதிக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆன அடுக்கு ஒன்று இருக்கும். கால் பதியும்போது அதிர்வைத் தாங்குவது இதுதான். காற்றிலுள்ள ஈரம் இந்த அடுக்கில் புகுந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கிறது. வேதியியலில் இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். எஸ்டர் வகைப் பாலியூரித்தேனில் ஒவ்வொரு பிளவிலும் அமிலம் உண்டாகி அடுத்த பிளவைத் தூண்டும். அதனால் நாளாக நாளாகச் சிதைவின் வேகம் கூடும். இதற்கு ஷூவைப் போட வேண்டிய தேவையே இல்லை. வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த கடலோர ஊர்களில் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும்.

மேல்தோல் புதிதுபோல இருக்கும்போதே உள்ளே நுரை பொடிந்திருக்கும். பசை விட்டுப்போனதாக நினைத்து மறுபடி ஒட்டினால் நிற்காது. பசை பிடிப்பதற்கு அங்கே திடமான பரப்பே இல்லை. மேல்பகுதி நன்றாக இருந்தால் நடு அடுக்கோடு சேர்த்துச் சோலை மாற்றலாம். ஈவிஏ நுரையில் செய்த ஷூக்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அவை நாளடைவில் அமுங்கித் தட்டையாகும்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விரிசல் தெரிந்தாலோ மாவுபோல உதிர்ந்தாலோ அந்த ஷூ மலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் போடுவதும் கார் டிக்கியில் வைப்பதும் கூடாது. காற்றோட்டமான, வெயில் படாத இடமே சரி. தள்ளுபடியில் வாங்குவோர் பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்ப்பது அவசியம். கடையில் கிடந்த காலமும் ஷூவின் ஆயுளில் கழிந்ததுதான்.

கேள்வி: பறவை பார்க்க மலிவான பைனாகுலர் வாங்கினால், எல்லாம் மங்கலாகவும் ஆடிக்கொண்டும் தெரிகிறது. பெட்டியில் 30×60 என்று போட்டிருக்கிறதே?

பதில்: முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டத்தையும் (மில்லிமீட்டரில்) குறிக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 கருவியில் அது 5.25 மி.மீ. 30×60 என்று அச்சிட்டது உண்மையாகவே இருந்தாலும் 2 மி.மீ. மட்டுமே. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில், கண்ணின் பாவை நன்கு விரிந்திருக்கும் நேரத்தில், அது போதாது. கை நடுக்கமும் அதே முப்பது மடங்கு பெரிதாகும் என்பதால், தாங்கி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியைப் பிடித்துப் பார்ப்பது நடக்காத காரியம். மலிவுக் கருவிகளில் அச்சிட்ட மடங்கு பெரும்பாலும் மிகைப்படுத்தியதாகவே இருக்கும்.

கண்ணாடியில் பளிச்சென்ற சிவப்புப் பூச்சு இருந்தால் எச்சரிக்கை தேவை. அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சி பச்சை நீலமாக மாறும். பறவையின் நிறத்தை வைத்து இனத்தை அடையாளம் காண்பது கடினமாகும். கையில் பிடித்துப் பறவை பார்க்க 8×42 அல்லது 8×32 ஏற்றது.

கேள்வி: பைனாகுலரின் உள்ளே சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றன. துடைத்தும் போகவில்லை.

பதில்: அது பூஞ்சை. ஈரமும் இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்த இடத்தில், கண்ணாடியில் படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் உண்டு வளர்கிறது. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் தடம் நிற்கும். கருவியோடு வரும் தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால், அதிலேயே நீண்ட நாள் வைப்பது நல்லதல்ல. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பதே எளிய வழி. நிறம் மாறும் வகை ஜெல், ஈரம் நிரம்பியதைத் தானே காட்டும். சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாதவர்கள் உள்ளூரில் கலந்துகொள்ள என்ன இருக்கிறது?

பதில்: தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஆண்டும் ஜனவரியில், பண்டிகை நாட்களை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. 2015இல் தொடங்கியது. வீட்டு மாடியோ ஊர்க் குளக்கரையோ, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு இ-பேர்ட் தளத்தில் பதிவுசெய்வதே வேலை. காகம், மைனா, தவிட்டுக்குருவி எல்லாமே கணக்கில் சேரும். பிப்ரவரியில் உலகம் முழுவதும் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பிலும் இதே முறைதான்.

மலையேற விரும்புவோருக்காக 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் உள்ளன. எளிது, நடுத்தரம், கடினம் என அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு செல்ல வேண்டும். காட்டுத்தீ பருவத்தில் பாதைகள் மூடப்படுவது உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் உயிரிழந்த பிறகு, அனுமதி விதிகள் இறுகின.

கேள்வி: மலையடிவாரக் கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 30 ரூபாய். கேட்டால் ‘கூலிங் சார்ஜ்’ என்கிறார்கள். சரியா?

பதில்: சரியல்ல. எம்ஆர்பி எல்லா வரிகளும் உள்ளிட்ட உச்ச விலை. 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி சில்லறைக் கடைக்காரர் அதற்கு மேல் வாங்கக் கூடாது. குளிரூட்டியதற்கென்று தனிக் கட்டணமும் இல்லை. மேசையில் அமரவைத்துப் பரிமாறும் ஓட்டல்களுக்கு மட்டும் இது பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இத்தகைய புகார்களைத் தொழிலாளர் துறை விசாரிக்கிறது.

கேள்வி: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லிலேயே அச்சிட்டிருந்தால்?

பதில்: பொருளில் குறை இருந்தால் அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதே வகையில் சேரும். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதெல்லாம் குறை ஆகாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இணையத்தில் வாங்கியவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமல்ல. குறையை உறுதிப்படுத்த ஆய்வு தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். எனவே பிய்ந்த ஷூவையும் பூஞ்சை பிடித்த பைனாகுலரையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வெப்பத்தாளில் அச்சாகும் கடை பில்லோ பெரும்பாலும் சில மாதங்களிலேயே வெளிறிவிடும். வாங்கிய அன்றே பில்லையும் உத்தரவாத அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.