எரிமலை வாய்க்குப் போகுமுன்

நம்பிக்கை: வெடிப்பதற்கு முன் எரிமலை எப்படியும் அறிகுறி காட்டிவிடும்; எச்சரிக்கை நிலை குறைவாக இருந்தால் தைரியமாக ஏறலாம்.

உண்மை: 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஜப்பானின் ஒன்டாகே மலையில் இலையுதிர்கால நிறங்களைக் காண வந்தவர்கள் உச்சியில் கூடியிருந்தார்கள். பகல் 11.52 மணிக்கு மலை வெடித்தது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 63 பேர் மாண்டார்கள். அன்றைய எச்சரிக்கை நிலை 1. இருப்பதிலேயே கீழ்நிலை அதுதான். ‘இயல்பு’ என்றே அதற்கு அப்போது பெயர்.

அங்கே வெடித்தது பாறைக்குழம்பு அல்ல, நீர். மலைக்குள் தங்கிய நீர் அடிவெப்பத்தில் சட்டென ஆவியாகி, மேலிருந்த பாறையைப் பிளந்து தூக்கி எறிந்தது. குழம்பு மேலேறும்போது சிறு நடுக்கங்கள் பெருகும், தரை வீங்கும். ஆய்வாளர்கள் அதை முன்கூட்டியே கவனித்துவிட முடியும். நீராவி வெடிப்பு பெரும்பாலும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஒன்டாகேயில் பலரைக் கொன்றவை வானத்திலிருந்து விழுந்த கற்கள்.

நம்பிக்கை: சுற்றுலா நடக்கிறது, வழிகாட்டியும் கூட வருகிறார், அப்படியானால் ஆபத்தில்லை.

உண்மை: நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவில் 2019 நவம்பர் 18 அன்று எச்சரிக்கை நிலை 1லிருந்து 2க்கு உயர்ந்தது. சுற்றுலாப் படகுகள் நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று தீவு வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். பயணிகளுக்குத் தலைக்கவசமும் வாயு முகமூடியும் கொடுத்திருந்தார்கள். கொதிக்கும் நீராவிக்கும் சாம்பலுக்கும் முன்னால் அவை போதவில்லை. இந்தோனேசியாவில், சுமத்ராவின் மராபி எரிமலையில் வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று எரிமலைக் கண்காணிப்பு மையம் சொல்லியிருந்தது. ஏறுவதற்கு அனுமதி கொடுத்ததோ வேறொரு அலுவலகம். 2023 டிசம்பர் 3 அன்று மராபி வெடித்து மலையேறிகள் 24 பேர் உயிரிழந்தார்கள். டிக்கெட் விற்பவர் சொல்வதைவிட, அந்தந்த நாட்டு எரிமலை ஆய்வு நிலையத்தின் அன்றைய அறிக்கையே நமக்கு முக்கியம். புறப்படும் காலையில் அதை நீங்களே படியுங்கள்.

நம்பிக்கை: மூக்கில் ஈரத்துணி கட்டினால் போதும்.

உண்மை: ஈரத்துணி சாம்பலை ஓரளவு தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கந்தக டைஆக்சைடு ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மிகக் கொடியது. கார்பன் டைஆக்சைடுக்கு வாடையே இல்லை. காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தேங்கும். புகை போகும் திசைக்கு எதிர்ப்புறம் நில்லுங்கள், குழிகளில் இறங்காதீர்கள்.

நம்பிக்கை: கல் பறந்தால் திரும்பி ஓடிவிட வேண்டும்.

உண்மை: முதுகைக் காட்டி ஓடுபவருக்கு விழும் கல் தெரியாது. நிமிர்ந்து பார்த்து விலகுங்கள். பெரிய பாறை இருந்தால் அதன் மறைவுக்குப் போங்கள். எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது நேரத்தைத்தான். வெடிப்பு எப்போது என்பது நம் கையில் இல்லை; வாய் விளிம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. பார்த்துவிட்டு உடனே இறங்குங்கள். சாப்பாட்டையும் படம் எடுப்பதையும் கீழே, தொலைவில் வைத்துக்கொள்ளலாம்.