வாட்டுக்கு ஒரு டாலர்

மந்தைவெளி

அன்புள்ள நிலா,

பி.எஸ்சி. வேதியியல் படித்தால் கடைசியில் டியூஷன் எடுக்கத்தான் என்கிறானாமே உன் அப்பா? என் தம்பி அப்படித்தான், எதையும் சம்பளத்தில்தான் அளப்பான். அவனுக்குச் சொல்ல ஒரு பெயர் தருகிறேன்: ராமமூர்த்தி ரமேஷ். 1980-இல் நம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் வேதியியல் பட்டம். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல். 1987-இல் பெர்க்லியில் டாக்டர் பட்டம்.

பட்டங்கள் இருக்கட்டும். பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் அவர் செய்ததைக் கேள். கரண்ட் போனாலும் தகவல் அழியாத மெமரி சிப்புக்காக ஃபெரோஎலக்ட்ரிக் படலங்களை, அதாவது மின்புலத்தால் திருப்பிய முனைவாக்கத்தை அப்படியே வைத்திருக்கும் படலங்களை, பலரும் முயன்ற காலம் அது. திரும்பத் திரும்ப எழுதினால் படலம் களைத்துப்போய்விடும். படலத்தில்தான் கோளாறு என்று நமக்குத் தோன்றும். ரமேஷின் குழு படலத்தை ஒட்டியிருந்த பிளாட்டின மின்முனையை எடுத்துவிட்டு, மின்சாரம் கடத்தும் ஆக்ஸைடை வைத்தது. களைப்பு நீங்கியது!

கோளாறு பொருளில் இல்லாமல் அதைச் சுற்றியுள்ளதில் இருக்கலாம் என்ற இதே பார்வை சூரிய மின்சாரத்திலும் வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை 2011-இல் தொடங்கிய ‘சன்ஷாட்’ திட்டத்தின் முதல் இயக்குநர் அவர். இலக்கு: 2020-க்குள் பெரிய மின்நிலையங்களில் நிறுவும் செலவு உட்பட வாட்டுக்கு ஒரு டாலர், யூனிட்டுக்கு சுமார் 6 சென்ட். செல்லின் திறனைக் கூட்டினால் மட்டும் அது நடக்காது. அனுமதி, ஆய்வு, வயரிங், கடன், வாடிக்கையாளர் பிடிப்பது எல்லாமே பில்லில் ஏறுகின்றன. அவற்றைக் குறைக்கவும் திட்டம் பணம் ஒதுக்கியது. பெரிய மின்நிலையங்களுக்கான இலக்கு 2017-லேயே எட்டப்பட்டது. அப்போது அவர் அந்தப் பதவியில் இல்லை. பேனல் விலையைச் சரித்ததில் சீனத் தொழிற்சாலைகளுக்கும் பெரிய பங்குண்டு. முழுப் புகழையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம்.

பேனலைத் தாண்டிய சிக்கல்கள் எங்கள் ஃபிளாட் மொட்டை மாடிக்கு வந்தால் உனக்கே புரியும். பேனல் வாங்கப் பணம் தேறிவிட்டது. மாடியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கூட்டம்தான் முடிந்தபாடில்லை. போதாததற்கு சின்டெக்ஸ் தொட்டியின் நிழல். செல்களெல்லாம் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் மின்னோட்டமும் சேர்ந்து குறையும். பைபாஸ் டையோடு அந்த வரிசையை மட்டும் ஒதுக்கி மீதியைக் காப்பாற்றும். தொட்டியை நகர்த்தலாமே என்றேன். பிளம்பர் சொன்ன தொகையைக் கேட்டு எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள்.

ரமேஷின் பெயரோடு அதிகம் பேசப்படும் பொருள் பிஸ்மத் ஃபெரைட்: பிஸ்மத், இரும்பு, ஆக்ஸிஜன். அதன் மெல்லிய படலத்தில் ஒளி பட்டால், சிலிக்கான் செல்லில் காண முடியாத அளவு மின்னழுத்தம் எழுவதை 2010-இல் அவரும் இடம்பெற்ற பெர்க்லி குழு காட்டியது. மின்னோட்டமோ மிகச் சொற்பம்; இன்றைக்கு அதை மாடியில் வைத்து ஒரு ஃபேன்கூட ஓட்ட முடியாது. ஏன் என்று புரிந்துகொள்ள வேதியியல் மட்டும் போதாது. ஆகவே, அலைடு பாடமாகக் கணிதமும் இயற்பியலும் தரும் கல்லூரியாகப் பார்த்து விண்ணப்பம் போடு. தாவரவியல்தான் உண்டு என்றால் அடுத்த கல்லூரிக்குப் போ. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
அத்தை